லா பெரிச்சோனா: உளவாளியா, வியாபாரியா, ஊர் தேடிய பலியாடா?

#1 · பழஞ்சுவடி

அர்ஜென்டினா வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் ஒரு பெண்ணின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அனா பெரிச்சோன். புவெனஸ் அயர்ஸ் மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘லா பெரிச்சோனா’. ‘வைஸ்ராயின் ஆசைநாயகி’ என்று இரண்டே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே படித்துக் கடந்து போனவன்தான். இப்போது தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, அந்த இரண்டு சொல்லும் எதையோ மூடுவதற்காகப் போட்ட பாயோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே இந்த இழை.

கதைச் சுருக்கம் இது. 1775 வாக்கில் இந்தியப் பெருங்கடலின் பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரீயூனியனில், பிரெஞ்சுக் குடியேற்றக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். முழுக் குடும்பப் பெயர் பெரிச்சோன் த வாந்தேய். 1792-இல் பக்கத்துத் தீவான மொரிஷியஸில் தாமஸ் ஓ'கோர்மன் என்ற ஐரிஷ்காரரை மணந்தார். 1797-இல் கணவர், பெற்றோர், சகோதரர்கள் என்று மூட்டை முடிச்சுகளோடு குடும்பமே புவெனஸ் அயர்ஸில் வந்து இறங்கியது. ஏன் அந்த ஊர்? தாமஸின் பெரியவர் ஒருவர், டாக்டர் மிகேல் ஓ'கோர்மன், அங்கே மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் அரச மருத்துவ மன்றத்தின் தலைவர். வெளிநாட்டவர் எளிதில் குடியேற முடியாத ஸ்பானியக் காலனியில் இப்படி ஒரு உறவு இருந்தால் போதாதா?

தாமஸ் செய்தது கடத்தல் வியாபாரம். 1806 ஜூன் 27-இல் ஆங்கிலேயத் தளபதி பெரஸ்ஃபோர்ட் சுமார் 1,600 பேருடன் நகரைப் பிடித்தபோது, தாமஸ் ஆங்கிலேயரோடு ஒட்டிக்கொண்டார். ஆகஸ்ட் 12-இல் நகரம் மீட்கப்பட்டதும் ஓடிப்போனார். மீட்ட படையின் தலைவர் சந்தியாகோ த லினியர்ஸ், பிரான்சின் நியோர் நகரில் பிறந்து இளம் வயதிலேயே ஸ்பானியக் கடற்படையில் சேர்ந்தவர். இரண்டு முறை மனைவியை இழந்தவர். அவருக்கும் அனாவுக்கும் உறவு ஏற்பட்டது. லினியர்ஸ் வைஸ்ராய் ஆனார். ஊர் கொதித்தது. கடைசியில் லினியர்ஸே அனாவை ரியோ த ஜெனீரோவுக்கு அனுப்பிவைத்தார்.

என் கேள்வி: ஊர் எதற்காகக் கொதித்தது?

#2 · குட்டித்தூக்கம்

கைக்குட்டைக் கதையை விட்டுவிட்டீர்களே ஐயா! வெற்றி ஊர்வலத்தில் லினியர்ஸ் குதிரையில் வருகிறார். மாடத்திலிருந்து அனா வாசனை தடவிய கைக்குட்டையைப் போடுகிறார். அவர் அதை வாள்முனையால் எடுத்து, நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான், முடிந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே போயிற்று.

#3 · பழஞ்சுவடி

வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தக் கதை அழகாக இருக்கிறது, அதுதான் அதன் குறை. யோசித்துப் பாருங்கள். கணவர் ஆங்கிலேயரோடு கைகோத்தவர். வீட்டில் சோதனை வருமா, சொத்து பறிபோகுமா என்று பயந்துகொண்டிருக்க வேண்டிய நாள் அது. அந்தப் பெண் கைக்குட்டையைப் போட்டிருந்தாலும் அது காதலுக்காக என்று எப்படிச் சொல்வது? வென்றவரின் கண்ணில் படுவது அன்று அந்த வீட்டின் பாதுகாப்பு. எனக்கு அது துணியாகத் தெரியவில்லை, மனுவாகத்தான் தெரிகிறது.

#4 · கடற்காகம்

மனு என்று சொல்லி மிகவும் மென்மையாக்குகிறீர்கள். அந்த வீடு உளவாளிகள் வந்துபோன வீடு. ஜேம்ஸ் ஃப்ளோரன்ஸ் பர்க் என்ற ஆங்கிலேய ஒற்றர் படையெடுப்புக்கு முன்பே புவெனஸ் அயர்ஸில் தங்கி ஊரின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர். அவருக்கு ஓ'கோர்மன் வீட்டோடு நெருக்கம் உண்டு. அமெரிக்க வியாபாரி வில்லியம் பயஸ் வைட் இன்னொருவர். ஆங்கிலேயர் வந்ததும் அவர்களுக்கு வலது கை ஆனவர் அவர். இவர்கள் எல்லோரும் புழங்கிய ஒரு வட்டத்தின் நடுவில் இருந்தவருக்கு ஒன்றுமே தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ் மூன்றும் புழங்கும் வரவேற்பறை. துறைமுக ஊரில் அது பீரங்கிக்குச் சமம்.

#5 · செங்கழுநீர்

நான் புதுச்சேரிக்காரி. சித்தப்பா குடும்பம் ரீயூனியனில் இருக்கிறது. அதனால் கதையின் தொடக்கத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. ‘பிரெஞ்சு உயர்குடிப் பெண்’ என்றதும் எல்லோரும் வெர்சாய் அரண்மனையை நினைத்துக்கொள்கிறார்கள். பூர்போன் தீவின் உயர்குடி என்றால் காப்பித் தோட்டமும் அடிமைகளும்தான். அந்த அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் மட்டும் வரவில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் புதுச்சேரி வழியாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தக் கூலிகள் போவதற்கு நூறு வருடம் முந்தைய சங்கதி இது. அனா சிறுமியாக நடைபழகிய தீவில் தமிழ்ப் பேச்சும் காதில் விழுந்திருக்க வேண்டும். இதைத் தாண்டி நான் எதையும் இழுக்கவில்லை.

1797 என்ற வருடத்துக்கும் காரணம் உண்டு. 1794-இல் பாரிஸ் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. 1796-இல் அந்த ஆணையைச் செயல்படுத்த வந்த இரண்டு பிரதிநிதிகளை மொரிஷியஸ் தோட்டக்காரர்கள் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டார்கள். இன்று துரத்தினோம், நாளை என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் பலர் வேறு கரை தேடினார்கள். அடிமை வியாபாரத்துக்கு அப்போது ஸ்பானிய அரசு கதவைத் திறந்துவைத்திருந்த இடம் புவெனஸ் அயர்ஸ்.

#6 · எதிர்வரிசை

செங்கழுநீர் அம்மாவுக்கு நன்றி. இந்த இழை எங்கே அனாவைக் கண்ணகி ஆக்கிவிடுமோ என்று பயந்தேன். ‘ஆண்கள் எழுதிய வரலாற்றில் சிக்கிய பெண்’ என்று சொல்லி எல்லாவற்றையும் கழுவிவிடக் கூடாது. காலனிய வரிசையின் மேல்படியில் நின்றவர் அவர்.

#7 · மணிமேகலை_வீ

கழுவ வேண்டாம், எதிர்வரிசை அண்ணா. குற்றப்பத்திரிகையை யார் எழுதினார்கள் என்று மட்டும் கேட்கலாம் அல்லவா?

பழஞ்சுவடி கேட்ட கேள்விக்கு என் பதில்: ஊர் கொதித்தது படுக்கையறைக்காக அல்ல, சம்பந்தத்துக்காக. ஸ்பானிய அமெரிக்கக் காலனிகளுக்கான இண்டீஸ் சட்டப்படி வைஸ்ராயோ அவருடைய பிள்ளைகளோ தம் ஆட்சி எல்லைக்குள் அரசரின் அனுமதி இல்லாமல் திருமணம் செய்யக் கூடாது. காரணம் எளிது. உள்ளூரில் மாமன் மச்சான் உறவு வந்துவிட்டால் அதிகாரி உள்ளூர்க்காரர் பக்கம் சாய்ந்துவிடுவார். இப்போது லினியர்ஸ் வீட்டைப் பாருங்கள். அவருடைய மகள் கார்மென் அனாவின் சகோதரர் ழான் பத்தீஸ்தை மணந்துகொண்டார். அதாவது ஊர் வாய்க்கு வாய் ‘ஆசைநாயகி’ என்ற பெண்ணின் உடன்பிறந்தவர் வைஸ்ராயின் மருமகன்! அதே மருமகன்தான் முன்பு ஆங்கிலேயரை வென்ற செய்தியை எடுத்துக்கொண்டு நெப்போலியனிடமே போனவர்.

ஆசைநாயகி வைத்திருந்த ஸ்பானிய அதிகாரி லினியர்ஸ் ஒருவர்தானா? ஊர் அதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். உரிமங்களும் பதவிகளும் ஒரு வீட்டு வாசல் வழியாகப் போகத் தொடங்கினால்தான் கண் திறக்கும். அந்த வாசல் பிரெஞ்சு வாசலாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

#8 · குட்டித்தூக்கம்

ஒரு சின்னச் சந்தேகம். பிரெஞ்சுக்காரரை வைஸ்ராய் ஆக்கியதே நெப்போலியன்தானே? அப்படியானால் ஊருக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தானே?

#9 · பழஞ்சுவடி

இல்லை தம்பி. பழைய வைஸ்ராய் சோப்ரமோந்தே, ஆங்கிலேயர் வந்ததும் கஜானாவோடு கோர்தொபா பக்கம் கிளம்பிப் போனவர். (கஜானா பாதி வழியில் பிடிபட்டு, பத்து லட்சம் பேசோவுக்கு மேல் வெள்ளி லண்டன் தெருக்களில் வண்டியில் ஊர்வலம் போனது தனிக் கூத்து.) 1807 பிப்ரவரியில் நகரத்தார் கூடி அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். அரசர் அனுப்பிய வைஸ்ராயைக் குடிமக்கள் இறக்குவது அந்தக் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாத செயல். அந்த ஜூலையில் ஜெனரல் வைட்லாக் பெரும்படையோடு வந்தபோது, தெருத் தெருவாக, மொட்டைமாடி மொட்டைமாடியாக நின்று அடித்துத் துரத்தினார்கள். அதற்கும் லினியர்ஸே தலைமை. பதவியில் மூத்த ராணுவ அதிகாரி என்ற முறையில் இடைக்கால வைஸ்ராய் பொறுப்பு ஸ்பானிய மன்னரின் ஆணைப்படி அவருக்கு வந்தது. பதவியேற்றது 1808 மே மாதம்.

விதியின் விளையாட்டு என்னவென்றால், அதே மே மாதம் பிரான்சின் பயோன் நகரில் நெப்போலியன் ஸ்பானிய அரச குடும்பத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டு மகுடத்தைப் பிடுங்கினார். நேற்றுவரை நட்பு நாடான பிரான்ஸ் ஒரே நாளில் எதிரி நாடு. லினியர்ஸ் மாறவே இல்லை, அவருடைய பிறப்புச் சான்றிதழின் பொருள்தான் மாறியது.

ஆகஸ்டில் நெப்போலியனின் தூதராக மார்க்கி த சாஸ்ஸனே வந்து சேர்ந்தார். லினியர்ஸ் அவரைத் தனியே பார்க்கவில்லை. நகரசபையாரையும் நீதிமன்றத்தாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் கடிதங்களைப் பிரித்தார். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பேச்சு நிற்கவில்லை. அந்த மாதமே, நெப்போலியனிடம் சிறைப்பட்டிருந்த ஸ்பானிய மன்னர் ஃபெர்னாந்துவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். அப்போதும் நிற்கவில்லை. ஆற்றின் அக்கரையில், மோந்தவிதேயோவில் எலியோ என்ற ஆளுநர் செப்டம்பரில் தனி ஆட்சிக்குழுவே அமைத்துவிட்டார்.

#10 · கடற்காகம்

இந்த இடத்தில் எனக்கும் அனா மேல் கொஞ்சம் இரக்கம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வைஸ்ராயை நேரடியாகத் தொட முடியாது, பிரெஞ்சுக்காரி மேல் கை வைக்கலாம். நகரசபைத் தலைவர் மார்ட்டின் த அல்சாகா பெரிய வியாபாரி. ஸ்பெயினோடு நடந்த பழைய ஏகபோக வர்த்தகத்தில் வளர்ந்தவர். லினியர்ஸைச் சுற்றி இருந்தவர்களோ கள்ளச் சரக்கில் வளர்ந்தவர்கள். அறத்துக்காக நடந்த சண்டை மாதிரி காட்டினார்கள். அடியில் ஓடியது சுங்கக் கணக்கு.

1809 ஜனவரி 1-இல் அல்சாகா கலகம் செய்து லினியர்ஸைக் கையெழுத்துப் போட்டு விலகும் நிலைக்கே தள்ளிவிட்டார். உள்ளூர்க் குடிமக்கள் படையான பத்ரீசியோஸின் தலைவர் சாவேத்ரா தன் ஆட்களோடு வந்து சதுக்கத்தில் நின்றதால் வைஸ்ராய் தப்பினார். உளவு பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

#11 · மணிமேகலை_வீ

மாற்ற வேண்டாம். ஒன்று கேட்கிறேன். ஆங்கிலேய ஒற்றர், பிரெஞ்சு ஒற்றர், பிறகு ரியோவில் போர்ச்சுக்கல் சூழ்ச்சிக்காரி. ஒரே பெண் மூன்று அரசுகளுக்கும் உளவு பார்த்தாள் என்று மூன்று கூட்டத்தார் சொன்னால், அவள் பெரிய கெட்டிக்காரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் வீட்டுக் கதவு யார் வந்தாலும் திறந்தது என்றுதான் பொருள். திறந்த கதவு வியாபாரியின் குணம். உளவாளி ஒரு கதவையாவது மூடிவைப்பார்.

பட்டப்பெயரையும் கவனியுங்கள். லிமா நகரில் வைஸ்ராய் அமாத்தின் காதலியாக இருந்த நடிகை மிக்கேலா வில்லேகாஸை ‘லா பெர்ரிச்சோலி’ என்று அழைத்தார்கள். அது வசைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள், ‘கலப்புச் சாதிப் பெட்டைநாய்’ என்பது அதன் வேர். பெரிச்சோன் என்ற குடும்பப் பெயர் அந்த வசையின் மேல் தற்செயலாகப் பொருந்தியது. ‘பெரிச்சோனா’ என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும், லிமா கதை முழுவதையும் சொன்ன மாதிரி. நம் ஊரில் பட்டப்பெயர் வைப்பவர்கள்கூட இவ்வளவு சிக்கனமாக வைத்ததில்லை.

#12 · செங்கழுநீர்

எனக்கு இந்தக் கதையில் நெஞ்சில் நிற்பது ரியோவுக்குப் பிந்தைய பகுதி.

1808-இல் போர்ச்சுக்கல் அரச குடும்பம் நெப்போலியனுக்குப் பயந்து ரியோவுக்கே குடிபெயர்ந்திருந்தது. இளவரசரின் மனைவி கார்லோட்டா ஜோவாக்கினா சிறைப்பட்ட ஸ்பானிய மன்னரின் அக்காள். தம்பி இல்லாத இடத்தில் புவெனஸ் அயர்ஸை நானே ஆள்கிறேன் என்று காய் நகர்த்திக்கொண்டிருந்தவர். அந்த ஊருக்கு அனா நாடுகடத்தப்பட்டுப் போய்ச் சேர்கிறார். போன இடத்திலும் வீட்டு வாசல் திறந்துகொண்டது. பெரஸ்ஃபோர்ட் தப்பிக்க உதவிவிட்டு ஓடிவந்த சாத்தூர்னினோ ரோட்ரிகஸ் பேஞ்ஞா போன்ற அரசியல் அகதிகள் வந்து கூடினார்கள். ஆங்கிலேயத் தூதர் ஸ்ட்ராங்ஃபோர்ட் பிரபுவோடும் அனாவைச் சேர்த்துப் பேசினார்கள். கார்லோட்டாவுக்குப் பொறுக்கவில்லை. கிளம்பு என்று சொல்லிவிட்டார்.

கிளம்பி எங்கே போவது? லினியர்ஸுக்குப் பதிலாக வந்த புதிய வைஸ்ராய் சிஸ்னேரோஸ் உள்ளே விடவில்லை. அந்தக் காலத்து புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். துறைமுகம் என்ற பெயர்தான், லா பிளாத்தா ஆற்றில் ஆழமே கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் படகில் இறங்கி, பிறகு ஆள் உயரச் சக்கரம் வைத்த மாட்டுவண்டி போன்ற வண்டியில் ஏறி, சேற்றுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரை சேர வேண்டும். நகரத்தின் கோவில் கோபுரங்கள் கப்பலிலிருந்து தெரியும். மணியோசைகூடக் காற்று வாக்கில் வரும். தன் பெயர் தினமும் வாயில் அரைபட்ட ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அந்த ஒரு வண்டி வராதா என்று தண்ணீரில் காத்திருப்பது எப்படிப்பட்ட தண்டனை!

#13 · எதிர்வரிசை

இதை வாசித்துவிட்டு எதிர்வாதம் எழுதக் கை வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

#14 · பழஞ்சுவடி

எதிர்வரிசை வருவதற்குள் லினியர்ஸின் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

பதவி போனதும் அவர் கோர்தொபா பக்கம் ஆல்தா கிராசியாவில் பழைய ஏசு சபைப் பண்ணை ஒன்றை வாங்கிக் குடியேறினார். 1810 மே மாதப் புரட்சியில் புவெனஸ் அயர்ஸில் புதிய ஆட்சிக்குழு அமைந்தது. தலைவர் யார் தெரியுமா? ஒன்றரை வருடத்துக்கு முன் அவரைக் காப்பாற்றிய அதே சாவேத்ரா. லினியர்ஸ் மன்னருக்குக் கொடுத்த வாக்கை விடவில்லை. கோர்தொபாவில் எதிர்ப்புத் திரட்டினார். பிடிபட்டார். முதலில் அனுப்பப்பட்ட தளபதி சுடத் தயங்கினார். மக்களுக்கு அவர் இன்னும் நகரத்தை மீட்ட வீரர். குழு தன் உறுப்பினர் காஸ்தேயியை அனுப்பியது. ஆகஸ்ட் 26-இல் காபேசா த திக்ரே என்ற இடத்தில் லினியர்ஸையும் உடன் நான்கு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். பிஷப் ஒருவருக்கு மட்டும் உயிர்ப்பிச்சை. லினியர்ஸின் உயிர் உடனே போகாததால் கடைசிக் குண்டைச் சுட்ட அதிகாரியின் குடும்பப் பெயர் ‘பிரெஞ்ச்’. நாவலில் எழுதினால் மிகையாகச் சொல்கிறான் என்பார்கள்.

பக்கத்து க்ருஸ் ஆல்தாவில் ஒரு மரத்தில் யாரோ ஆறு எழுத்துகளைச் செதுக்கிவைத்தார்களாம். கொல்லப்பட்ட ஐவர், தப்பிய பிஷப், இந்த ஆறு பேரின் பெயர்களின் முதலெழுத்துகள். சேர்த்து வாசித்தால் ‘க்லமோர்’. ஸ்பானிஷில் ஓலம் என்று பொருள்.

லினியர்ஸுடைய அண்ணன் இதே ஊரில் மாட்டிறைச்சியைக் காய்ச்சி வில்லையாக்கி விற்க ஒரு ஆலை போட்டுப் பார்த்தவர் என்பது இங்கே தேவையில்லாத செய்தி. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் எல்லோருமே கவுரவம் பாராமல் பணத்துக்கு வழி தேடியவர்கள் என்பது தெரிகிறது. உயர்குடி என்று காட்டும் ‘த’ என்ற ஒட்டு பெயரில் இருந்தால் பெட்டி நிரம்பிவிடுமா?

#15 · எதிர்வரிசை

சொன்னபடி வந்துவிட்டேன். இரவு முழுக்க யோசித்து ஒரு இடத்தில் மட்டும் பிடியை இறுக்குகிறேன்: அனாவைப் பாவப்பட்டவர் என்று சொல்வதும் அவரைச் சிறுமைப்படுத்துவதுதான். கணவர் ஓடிய பிறகு பிள்ளைகளோடும் கடன்காரர்களோடும் ஒரு பெண் அந்த ஊரில் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தால் ஒருவரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விளையாட்டில் இறங்கினார், மருமகன் வரை காய் நகர்த்தினார், தோற்றார். அல்சாகாவும் தோற்றார். 1812-இல் அவரைச் சுட்டு, சதுக்கத்தில் தொங்கவிட்டார்கள். லினியர்ஸும் தோற்றார். மூவரில் உயிரோடு மிஞ்சியவர் இந்தப் பெண்மணி மட்டும்தான்.

#16 · மணிமேகலை_வீ

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. உயிரோடு மிஞ்சியது எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினியர்ஸைச் சுடச் சொன்ன அதே ஆட்சிக்குழுதான் 1810-இல் அனாவைக் கரையிறங்க அனுமதித்தது. நிபந்தனை ஒன்று: நகரத்தின் நடுவே வசிக்கக் கூடாது, லா மத்தான்சாவில் உள்ள தன் பண்ணையில் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். வைஸ்ராய் இல்லாத பெரிச்சோனாவால் ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உளவாளி என்று மெய்யாகவே நம்பியிருந்தால் மூன்று மணி நேரக் குதிரைப் பயணத் தூரத்திலா குடிவைப்பார்கள்? கடற்காகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

#17 · கடற்காகம்

பண்ணையில் வைத்துக் கண்காணிப்பது எளிது என்று நினைத்திருக்கலாம். சரி, பாதி விட்டுக்கொடுக்கிறேன். பாதிதான்.

#18 · குட்டித்தூக்கம்

இந்தப் பெயரை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கமீலா ஓ'கோர்மன்! 1984-இல் மரியா லூயிசா பெம்பெர்க் எடுத்த ‘கமீலா’ திரைப்படம். ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதில் வரும் பாட்டி இவர்தானா?

#19 · பழஞ்சுவடி

இவர்தான் தம்பி. நானே கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், நீ முந்திக்கொண்டாய்.

அனாவின் மகன் அடோல்ஃபோ ஓ'கோர்மன். அவருடைய மகள் கமீலா. சர்வாதிகாரி ரோசாஸின் ஆட்சிக் காலம். 1847 டிசம்பர் தொடக்கத்தில் அனா இறந்துபோனார். அதே மாதம் 12-ஆம் தேதி, நம் கணக்கில் பாட்டிக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத நிலையில், கமீலா உலதிஸ்லாவோ குத்தியேரஸ் என்ற இளம் பாதிரியாரோடு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். வடக்கே கொர்ரியெந்தேஸ் மாகாணத்தில் கோயா என்ற ஊரில் பெயரை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அடையாளம் கண்டு பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். 1848 ஆகஸ்ட் 18-இல் சாந்தோஸ் லுகாரேஸ் முகாமில் இருவரையும் சுட்டார்கள். கமீலா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

மகளைத் தேடிப் பிடிக்கச் சொல்லி ரோசாஸுக்கு எழுதியவர் அடோல்ஃபோவேதான். டிசம்பர் 21 தேதியிட்ட கடிதம். நாட்டில் யாரும் கேட்டறியாத கொடுஞ்செயல் நடந்துவிட்டது என்று அதில் குமுறுகிறார். சிறுவயதிலிருந்து ‘பெரிச்சோனாவின் மகன்’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பெயர் மண்ணுக்குள் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.